ஒரு சின்ன ரேடியோ ஸ்டேஷன் கற்றுக்கொடுத்த பாடம்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில், 2010-ஆம் ஆண்டு மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவில் பட்டம் பெற்ற பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "வெளிநாட்டில் பெற்ற வெற்றி அனுபவங்கள்" என்று தலைப்பு கொடுத்தார்கள். வெற்றியைப் பற்றிப் பேச இந்த மேடையில் என்னைவிடத் தகுதியான அண்ணன்மார் பலர் இருக்கிறார்கள். அதனால் சங்கச் செயலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, நான் செய்த ஒரு தப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தம்பிகளுக்கு இதுதான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

2015-இல் இருந்து ஐந்து வருடம் அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில், கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் கன்ட்ரோல் இன்ஜினியராக வேலை பார்த்தேன். நான் குடியிருந்தது சின்ன ஊர். சுற்றிலும் பைன் மரக்காடு, பருத்தி, கடலை வயல். மாட்டுத் தொழுவத்தை எடுத்துவிட்டால் நம்ம விருதுநகர்ப் பக்கம் மாதிரியே இருக்கும். ஜனங்களில் பெரும்பகுதி கறுப்பினத்தவர்கள். அவர்களுக்கென்று ஒரு காஸ்பல் ரேடியோ ஸ்டேஷன் இருந்தது. காஸ்பல் என்றால் நற்செய்தி. கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பிறந்த பாட்டு வகை அது. அதன் தந்தை என்று போற்றப்படும் தாமஸ் டார்சி 1899-இல் பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவில் பிறந்தவர். முதலில் புளூஸ் பாடகர்களுக்குப் பியானோ வாசித்தவர். 1932-இல் பிரசவத்தில் மனைவியையும் பிறந்த குழந்தையையும் ஒருசேரப் பறிகொடுத்த துயரத்தில்தான் அவருடைய மிகப் புகழ்பெற்ற பாட்டு பிறந்தது.

அந்த ஸ்டேஷனின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெரிய கட்டடம் என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். நம்ம ஊர் ரேஷன் கடை அளவில் ஒரு செங்கல் கட்டடம். முன்னால் ஸ்டுடியோ, பின்னால் டிரான்ஸ்மிட்டர். அதற்கும் பின்னால் வயலில் ஒரு டவர். பவர் ஆயிரம் வாட். அதுவும் பகலில் மட்டும்.

ஏன் பகலில் மட்டும்? பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலைகளை உறிஞ்சிவிடும். ராத்திரியில் அந்த அடுக்கு மறைந்துவிட, அலைகள் மேலே போய்ப் பிரதிபலித்து நூற்றுக்கணக்கான மைல் தாண்டி விழும். எங்கோ இருக்கிற ஸ்டேஷன் ராத்திரியில் நம் ரேடியோவில் கேட்பதற்கு இதுதான் காரணம். ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக, அங்கே பல சின்ன ஏ.எம். ஸ்டேஷன்கள் பொழுது சாய்ந்ததும் நிறுத்திவிட வேண்டும், அல்லது பவரை மிகவும் குறைத்துவிட வேண்டும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே அங்கே சூரியன் மறைந்துவிடும். ஆகவே அன்றைக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

அப்படி என்னதான் சொல்வார்கள்? காலையில் பாட்டு. இடையிடையே பக்கத்து ஊர்ப் போதகர்கள் கால் மணி, அரை மணி என்று நேரத்தை விலைக்கு வாங்கிப் பேசுவார்கள். ஸ்டேஷனுக்கு வருமானம் அதில்தான். பிறகு அறிவிப்புகள். யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், எந்தச் சர்ச்சில் மீன் வறுவல் விருந்து, யார் வீட்டு நாய் காணாமல் போனது, புயல் எச்சரிக்கையால் எந்தப் பள்ளிக்கு லீவு. எல்லாவற்றிலும் முக்கியமானது தினமும் இரண்டு வேளை வாசிக்கும் இறப்பு அறிவிப்பு. இன்னார் காலமானார், அடக்கம் இந்தக் கிழமை, இத்தனை மணிக்கு, இந்த இடத்தில். அந்த நேரத்தில் முடிதிருத்தும் கடையில்கூடக் கத்தரிச் சத்தம் நின்றுவிடும். நானே பார்த்திருக்கிறேன்.

இதை ஏதோ பட்டிக்காட்டு வழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. மெம்ஃபிஸ் நகரில் டபிள்யூ.டி.ஐ.ஏ. என்ற ஸ்டேஷன் 1948-இல் நாட் வில்லியம்ஸ் என்ற பள்ளி ஆசிரியரை மைக் முன்னால் உட்கார வைத்தது. கொஞ்ச காலத்திலேயே அதன் நிகழ்ச்சிகள் முழுவதும் கறுப்பின மக்களுக்கென்றே ஆயின. ஆனால் முதலாளிகள் வெள்ளையர்கள். கறுப்பினத்தவர் ஒருவர் சொந்தமாக வாங்கிய முதல் ஸ்டேஷன் அட்லாண்டாவின் டபிள்யூ.ஈ.ஆர்.டி. 1949-இல் அதை வாங்கியவர் ஜெஸ்ஸி பிளேட்டன் என்ற கணக்காளர். பின்னாளில் அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்க அலுவலகம் இருந்தது. கிங் பேச வேண்டுமென்றால் துடைப்பக் கட்டையால் மேற்கூரையைத் தட்டுவாராம், மேலேயிருந்து ஜன்னல் வழியாக மைக் இறங்கி வருமாம். 1963-இல் பர்மிங்ஹாம் நகரில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனபோது, இந்த மாதிரி ரேடியோக்காரர்கள்தான் போலீசுக்குப் புரியாத குழூஉக்குறியில் பிள்ளைகளுக்குச் சேதி சொன்னார்கள். பல பத்திரிகைகளில் தங்கள் வீட்டுச் சாவுகூட அச்சேறாத காலத்தில், அந்த ஜனங்களின் பெயரை மரியாதையோடு உச்சரித்த இடம் ரேடியோ.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

ஸ்டேஷனை நடத்தியவர் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு அம்மையார். எல்லோரும் அவரை "மதர்" என்றே கூப்பிடுவார்கள். கறுப்பினத் திருச்சபைகளில் மூத்த பெண்மணிகளுக்குக் கொடுக்கும் மரியாதை அது. அவர்களுக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த ரேடியோ இன்ஜினியர் வயதாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர், "நீ இ.சி.இ. படிச்சவன்தானே, சனிக்கிழமை சும்மாதானே இருக்கே, வா" என்று அழைத்துப் போனார். விசா விதிப்படி நான் வெளியில் சம்பளம் வாங்க முடியாது. வாங்கவும் இல்லை. மதியச் சாப்பாடு மட்டும் உண்டு. நான் மாட்டுக்கறி சாப்பிட மாட்டேன் என்று தெரிந்ததும் எனக்கென்று தனியாகக் கெண்டை மாதிரி ஒரு மீனைப் பொரித்துக் கொண்டுவந்து வைப்பார்கள்.

2017 மார்ச் வாக்கில் ஒரு புகார் வந்தது. முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களுக்கு ஸ்டேஷன் சரியாகக் கேட்கவில்லை. நான் போனேன். டிரான்ஸ்மிட்டரைத் திறந்தேன். ஒரு பவர் மாட்யூல் அடிக்கடி சூடாகி டிரிப் ஆகிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் பவரும் கொஞ்சம் அதிகம். அரை மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: "மாட்யூல் போச்சு. மாத்தணும்."

அங்கே ஒரு மூப்பர் இருந்தார். ஓய்வுபெற்ற லாரி டிரைவர். அவர் சொன்னதை நம்ம பாஷையிலேயே சொல்கிறேன்: "தம்பி, மழை பேஞ்ச மறுநாள் என் வண்டியில நல்லாக் கேக்குது. நாலு நாள் காஞ்சா கரகரங்குது. அது ஏன்?" நான் சிரித்துக்கொண்டே, "அது உங்க வண்டி ரேடியோ கோளாறா இருக்கும் ஐயா" என்றேன். டிகிரி வாங்கியவன் அல்லவா.

பழுது பார்த்த மாட்யூல் ஒன்றின் விலை 1,800 டாலர். அந்த ஸ்டேஷனுக்கு அது பெரிய தொகை. ரேடியோவிலேயே சொன்னார்கள். ஆறு வாரம் பணம் வந்தது. கவரில் ஒரு டாலர், இரண்டு டாலர். ஒரு பாட்டி சில்லறையை ஊறுகாய் பாட்டிலில் போட்டு அனுப்பியிருந்தார். மாட்யூல் வந்தது, மாட்டினேன். அன்றைக்கு மழை பெய்து ஓய்ந்திருந்தது. சிக்னல் நன்றாகவே போனது. "சரியாப் போச்சு" என்றேன். மதர் மைக்கில், "இனிமேல் எல்லோருக்கும் கேட்கும், நமது இன்ஜினியர் பிரதருக்கு நன்றி" என்று அறிவித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஸ்டேஷன் வாசலில் ஒரு பெரியவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த கவுன்ட்டியில் இருந்து வந்தவர். அவரும் இன்னொருவரும் வியட்நாம் போரில் ஒரே படைப்பிரிவில் இருந்தவர்கள். அந்த நண்பர் இறந்து, வியாழக்கிழமை அடக்கமும் முடிந்துவிட்டது. இவருக்குத் தெரியவில்லை. "நீங்க வாசிச்சீங்களா?" என்று கேட்டார். மதர் நோட்டை எடுத்துக் காட்டினார். மூன்று நாள், ஆறு தடவை வாசித்திருக்கிறார்கள். அவர் கோபப்படவே இல்லை. "நான் ரேடியோவை நிறுத்தவே இல்லம்மா. சரியாப் போச்சுன்னு சொன்னீங்களேன்னு போட்டபடியேதான் இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாரம் முழுக்க மழையே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூப்பர் சொன்னது ஞாபகம் வந்தது. அதோடு சேர்ந்து, இந்தக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் அன்டெனா பாடம் எடுத்த நம் ஐயாவின் குரலும் ஞாபகம் வந்தது. கரும்பலகையில் டவரை வரைந்துவிட்டு, அதன் கீழே கோடு போட்டு, அதற்கும் கீழே தலைகீழாக இன்னொரு டவரைப் புள்ளிக் கோட்டில் வரைவார். "இது பாதிதான்டா. மீதி பாதி மண்ணுக்குள்ள இருக்கு" என்பார். பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்!

மற்ற பிரிவு நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஏ.எம். ஸ்டேஷனில் டவரேதான் அன்டெனா. பீங்கான் இன்சுலேட்டர் மேல் நிற்கும். ஆயிரம் கிலோஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 300 மீட்டர், டவர் அதில் கால் பங்கு, 75 மீட்டர். டவரின் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நாலாபுறமும் செம்புக் கம்பிகளை மண்ணில் புதைத்திருப்பார்கள். 1937-இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்துப் பொறியாளர்கள் செய்த சோதனைகளுக்குப் பிறகு, 120 கம்பிகள் என்பது அங்கே வழக்கமாகிவிட்டது. கணக்குப் போட்டால் ஒன்பது கிலோமீட்டர் செம்பு. கண்ணுக்குத் தெரியாமல் புல்லுக்கடியில் கிடக்கும். டவரில் ஏறும் மின்னோட்டம் அந்தக் கம்பிகள் வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். கம்பி இல்லாவிட்டால் மண் வழியாக வரும், பவர் மண்ணைச் சூடாக்குவதிலேயே போய்விடும். ஈரமண் கொஞ்சம் நன்றாகக் கடத்தும். காய்ந்தால் கடத்தாது. மூப்பர் வண்டியில் ரேடியோ கேட்டே கண்டுபிடித்த ரகசியம் இதுதான்.

டிரான்ஸ்மிட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, நான் முதல் தடவையாக டவர் அடிவாரத்துக்குப் போனேன். ஆமாம், முதல் தடவை. அதற்கு முன் நான் அங்கே போகவே இல்லை. இடுப்பளவு புல், சேறு, பாம்பு இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஏசி ரூமில் மீட்டர் இருக்கும்போது எதற்குப் போகணும் என்று விட்டுவிட்டேன். போய்ப் பார்த்தால், டவர் அடியில் இருந்த அகலமான செம்புப் பட்டையைக் காணோம். யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கம்பிகளில் பாதிக்கு மேல் வெட்டி, கையில் வந்த வரைக்கும் உருவியிருந்தார்கள். செம்பு விலை ஏறினால் அங்கேயும் நம்ம ஊர் போலத்தான்.

அடிவாரத்தில் ஒரு சின்ன மரப்பெட்டி அறையில் மின்னோட்ட மீட்டர் இருக்கிறது. ஆயிரம் வாட்டுக்குச் சுமார் ஐந்தே கால் ஆம்பியர் ஓட வேண்டும். பிறகு போட்டுப் பார்த்தபோது மூன்றே முக்கால்தான் காட்டியது. அதாவது பாதிப் பவர் மண்ணுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. மாட்யூல் சூடானதும் அதனால்தான். நோய் வேறெங்கோ இருக்க, நான் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறேன். முதல் நாளே இருநூறடி நடந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மதரிடம் போய்ச் சொன்னேன். 1,800 டாலரை நானே கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாதி கொடு. நீ நடந்து பாக்கல, அது உன் பாதி. மூப்பர் சொன்னப்போ நானும் பக்கத்துலதான் நின்னேன், நீ படிச்சவன்னு அவரை அடக்கிட்டேன். அது என் பாதி" என்றார். அதோடு விடவில்லை. "பணம் என்னுது இல்ல. கொடுத்தவங்ககிட்ட நீயே சொல்லு" என்று, மறுநாள் ஞாயிறு ஆராதனைக்கு முன் என்னை மைக் முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

இந்தக் கல்லூரியில் செமினார் எடுக்கும்போதுகூட எனக்குக் கை அப்படி நடுங்கியதில்லை. மூன்று நிமிடம் பேசினேன். கோளாறு எது, நான் எதை மாற்றினேன், ஏன் தப்பு, மூப்பர் சொன்னதைக் கேட்டு நான் சிரித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெரியவரின் பெயரைச் சொல்லவில்லை. "அடக்கத்துக்குப் போக முடியாமல் போன ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றேன். அன்று அவருக்கு அது கேட்டிருக்குமா என்பதே சந்தேகம் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை பதினெட்டுப் பேர் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். இரண்டு விவசாயிகள் டிராக்டர் கொண்டுவந்தார்கள். திருடன் மறுபடி வராமல் இருக்க, இரும்பின் மேல் செம்பு பூசிய கம்பி வாங்கினோம். பழைய கடையில் அதற்கு விலை கிடையாது. உயர் அலைவெண் மின்னோட்டம் மேற்பரப்பில்தான் ஓடும் என்பதால் நமக்கு அது போதும். சாதாரண ஈயப் பற்று மண்ணில் அரித்துவிடும் என்று வெள்ளிப் பற்று வைத்தோம். மூன்று சனிக்கிழமை வேலை. என் பாதிப் பணம் கம்பிக்கே சரியாகப் போய்விட்டது.

முடிந்த அன்று மூப்பரின் வண்டியில் அவரும் நானும் கிளம்பினோம். வாரமெல்லாம் நல்ல வெயில். பத்து கிலோமீட்டர், இருபது, முப்பது. பாட்டு அப்படியே வந்துகொண்டிருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோ வால்யூமை மட்டும் கொஞ்சம் குறைத்தார், இரைச்சல் இருக்கிறதா என்று பார்க்க. இல்லை. அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். திண்ணை மாதிரி ஒரு முன்தாழ்வாரம், அதில் நாற்காலி, நாற்காலிக்குப் பக்கத்தில் ரேடியோ. நான் இறங்கி என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவர் ரேடியோவைக் காட்டி, "கேக்குது" என்றார். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். மாலை இறப்பு அறிவிப்பு வரைக்கும் இருந்து, மூவருமாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தோம். அவருக்கு நான் திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்றை இழக்க வைத்தேன் என்பது அந்த டீயால் மாறிவிடவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது மூன்றே விஷயம்.

ஒன்று, மீட்டரை மட்டும் பார்க்காதீர்கள், நடந்துபோய்ப் பாருங்கள். இன்றைக்கு எல்லாமே கம்ப்யூட்டர் திரையில் வந்துவிடுகிறது. அறுத்துக்கொண்டு போன செம்பு எந்தத் திரையிலும் தெரியாது.

இரண்டு, படிக்காதவர் என்று நாம் நினைப்பவர் சொல்லும் குறிப்பைச் சிரித்துத் தள்ளாதீர்கள். அந்த மூப்பர் ஃபார்முலா சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதமாக அளவெடுத்துக்கொண்டே இருந்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்று, தப்பு செய்தால் யாருக்கு நஷ்டமோ அவர்களிடமே போய்ச் சொல்லுங்கள். மேலதிகாரியிடம் ரிப்போர்ட் எழுதுவது வேறு, இது வேறு.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் நாட்டில் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த 2002-இல் அனுமதி வந்தது. 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி 90.4-இல் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. 100 வாட் பவர், 30 மீட்டர் டவர் போதும். அங்கே போல மத போதனைக்காக நடத்த வேண்டியதில்லை. நம் கல்லூரியைச் சுற்றியுள்ள பதினைந்து கிராமத்துக்கு மழை, மாட்டு ஆஸ்பத்திரி, பஸ், ரத்தம் தேவை, இறப்பு எல்லாவற்றையும் பெயர் சொல்லி வாசிக்க ஒரு குரல் இருந்தால் போதும். நம் மாணவர்கள் டவரைப் புத்தகத்தில் பார்ப்பதற்குப் பதில் அதன் அடியில் நின்று பார்ப்பார்கள். முதல் வேலையாக மண்ணில் கம்பி புதைக்க மண்வெட்டி எடுத்து வர நான் தயார்.

அன்டெனா பாடம் எடுத்த நம் ஐயா ஓய்வுபெற்று, இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, மீதி பாதி மண்ணுக்குள்ள இருக்குன்னு நீங்க சொன்னது எனக்குப் பல வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. மன்னிச்சுக்கோங்க.